கடனோடு கிளம்பும் குடும்பம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற நம் கடலோர ஊர்களுக்கு சபர் புதிதல்ல. அன்று இலங்கை, பர்மா, மலாயா. பிறகு சவூதி, துபாய், குவைத். பெரும்பாலும் ஆண் மட்டும் போவார், பெண்டு பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள். இப்போது வியாபாரம் நொடித்து, கடையை மூடி, வீட்டை ஒத்திக்கு விட்டுவிட்டு, குடும்பத்தோடு கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊரில் நிற்பவை இரண்டு: அடைக்காத கடன், வயதான தாய். இப்படிப் போவது சரிதானா?

பிழைப்புக்காகப் பயணம் போவதை மார்க்கம் தடுக்கவில்லை. பூமியின் பல பாகங்களிலும் நடந்து தன் ரிஸ்கை உண்ணும்படி அல்லாஹ் முல்க் சூராவில் சொல்கிறான். மக்காவில் செல்வந்தராக இருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்தார்கள். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அவருக்காக துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார்கள். நெய்யும் பாலாடைக் கட்டியும் விற்று மீண்டும் எழுந்தார்கள். ஆகவே நொடித்துப் போனவர் வேறு மண்ணில் மீண்டும் தொடங்குவது குற்றமல்ல.

ஆனால் கடன்?

திருப்பித் தரும் எண்ணத்தோடு கடன் வாங்கியவருக்கு அல்லாஹ் உதவுவான், அழித்துவிடும் எண்ணத்தோடு வாங்கியவரை அல்லாஹ் அழிப்பான் என்ற கருத்தில் புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. கடனை அடைக்கப் போகிறவரும் கடனிலிருந்து ஓடுகிறவரும் ஒரே விமானத்தில்தான் ஏறுகிறார்கள். வித்தியாசம் நிய்யத்தில் இருக்கிறது. நிய்யத் அல்லாஹ்வுக்குத் தெரியும், கடன் கொடுத்தவருக்குத் தெரியாதே! தவணை முடிந்த கடனை அடைக்க வசதியிருப்பவர், கடன் கொடுத்தவரின் அனுமதியில்லாமல் பயணம் போகக்கூடாது என்று ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் சொல்கின்றன. வசதியில்லாதவரும் இரவோடு இரவாகப் போக வேண்டியதில்லை. நேரில் போய்ச் சொல்லுங்கள். மாதம் எவ்வளவு தர முடியும் என்று எழுதிக் கொடுங்கள். கடனை எழுதி வைக்கச் சொல்வது குர்ஆனின் கட்டளை.

பழைய கடனை அடைக்கப் போகிறவர் புதுக் கடனில் விழக்கூடாது. பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம் என்பது இந்திய அரசின் விதி. லட்சக்கணக்கில் கேட்பவரிடம் வட்டிக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹம் ஊதியமோ, 3,000 திர்ஹமும் தங்குமிடமுமோ வேண்டும். விசிட் விசாவில் போய் வேலை செய்வது சட்டத்தை மீறுவது. அந்த நாட்டுக்கு விசா வழியாகக் கொடுத்த வாக்கும் வாக்குத்தான்.

அடுத்து, தாய். இங்கேதான் மனசாட்சி இரண்டு பக்கமும் இழுக்கிறது. அழும் பெற்றோரை விட்டுவிட்டு ஹிஜ்ரத்துக்கு பைஅத் செய்ய வந்தவரை, திரும்பிப் போய், அழவைத்ததைப் போலவே அவர்களைச் சிரிக்கவைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அனுப்பி வைத்தார்கள். ஹிஜ்ரத்துக்கே இப்படியென்றால் வேலைக்கு என்ன சொல்வது! மறுபக்கம், மனைவியை விட்டுப் படைவீரர்கள் நெடுங்காலம் பிரிந்திருக்கக் கூடாது என்று உமர் (ரலி) அவர்கள் காலவரம்பு வைத்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. ஆக மனைவியின் ஹக் சேர்ந்து போகச் சொல்கிறது, தாயின் ஹக் இருக்கச் சொல்கிறது.

இரண்டில் ஒன்றை மிதித்துவிட்டு மற்றதை நிறைவேற்ற முடியாது. கவனிக்க வேறு பிள்ளை இருந்து, தாயும் மனமுவந்து துஆச் செய்து அனுப்பினால், குடும்பமாகப் போகலாம். யாருமே இல்லையென்றால், கணவனும் மனைவியும் பேசி, இருவரும் சம்மதித்து, ஒருவர் மட்டும் போகட்டும். அந்தப் பிரிவுக்கும் ஒரு தவணை இருக்கட்டும். மாதா மாதம் பணம் அனுப்புவது மட்டும் கித்மத் ஆகாது. இரவில் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஒரு கை வேண்டும்.

சகோதரர்களே, இவ்வளவும் போகிறவருக்குச் சொன்னது. இருக்கிற நமக்கு? ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடனாளிகளையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான். கஷ்டப்படும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறான், விட்டுக்கொடுப்பது இன்னும் சிறந்தது என்கிறான். நம் மஹல்லாவில் ஒரு கடை ஆட்டம் கண்டபோது நாம் விசாரித்தோமா? பூட்டு தொங்கிய பிறகுதான் ‘ஊரை ஏமாற்றிவிட்டு ஓடிவிட்டான்’ என்று பேசினோமா? அப்படிப் பேசும் நாக்கும் மறுமையில் கணக்குச் சொல்ல வேண்டும்.

இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் குடும்பத்தை விளைச்சலற்ற பள்ளத்தாக்கில் குடியமர்த்தியபோது கேட்ட துஆவின் வரிசையைப் பாருங்கள். முதலில் தொழுகை. அடுத்து, அவர்கள்பால் சாயும் மனித உள்ளங்கள். கடைசியில்தான் கனிகள். புது ஊரில் வாடகைக்கு வீடு தேடும்போது நாமும் அந்த வரிசையில் தேடுவோம்.

வல்ல ரஹ்மான் கடன்பட்டோரின் கடனை அடைத்துத் தருவானாக! பிரிந்தவர்களைச் சேர்த்து வைப்பானாக! நம் பெற்றோரின் கண்கள் குளிர வாழும் தவ்ஃபீக்கைத் தந்தருள்வானாக! ஆமீன்.