மரத்தை விட்டு இறங்காதீங்க

சண்டேசர் சின்னப் பிள்ளையா, விசாரசருமரா இருந்தப்ப என்ன பண்ணினார்? மாடு மேய்க்கப் போன இடத்துல, மண்ணியாத்தங்கரையில, ஆத்தி மரத்தடியில மணலைக் கூட்டி லிங்கம் பண்ணினார். கோயில் கட்டினார். கோபுரம், சுத்தாலயம் எல்லாம் மணல்லயே. சேக்கிழார் பெருமான் அதை விளையாட்டாத்தான் ஆரம்பிக்கிறார். பசுக்கள் தானா பால் சொரியுது, அதுல அபிஷேகம். சொந்தக்காரங்களுக்குக் கறக்கிற பால் ஒரு சொட்டும் குறையல. ஆனாலும் ஊர் சும்மா இருக்குமா? அப்பன்கிட்டப் போய் வத்தி வெச்சாச்சு!

அப்பன் எச்சதத்தன் வந்தான். குரா மரத்துல ஏறி ஒளிஞ்சு பார்த்தான். அதுவரைக்கும் சரி. பிள்ளை விளையாடுறதைப் பெத்தவன் பார்க்கணும். அவன் பண்ணின தப்பு, இறங்கினது. இறங்கி அடிச்சான், பால் குடத்தை எட்டி உதைச்சான். ஏறுங்க, பாருங்க, இறங்காதீங்க.

பெரம்பலூர்ல என் மக வீட்ல பேத்தி இருக்கா. ஒண்ணரை வயசுல காலி டம்ளரை வாயில வெச்சு மடக் மடக்குனு குடிப்பா. தான் மட்டும்தான் குடிப்பா. ரெண்டு வயசானதும் பொம்மைக்குக் கொடுக்க ஆரம்பிச்சா. அப்புறம் பொம்மையே வேணாம்னு ஆயிடுச்சு. மக்காச்சோளக் கதிரைத் துணியில சுத்தி, பாப்பா தூங்குது சத்தம் போடாதீங்கங்கிறா. இப்ப மூணரை வயசு, அவதான் டாக்டரம்மா, நான் பேஷண்ட். தினம் மூணு ஊசி! அரியலூர்ப் பக்கம் பையன்கள்னா ஒரு செங்கல்லு போதும், சுண்ணாம்புக்கல் லாரி ஆயிடும். ஹாரன் வாயில. இல்லாததை இருக்கிறதா நினைக்கத் தெரிஞ்ச அந்த மனசுதானேய்யா நாளைக்குக் கல்லுல கடவுளைப் பார்க்கப் போவுது?

நீங்க என்ன பண்றீங்க? செல்போனை எடுக்கிறீங்க. “செல்லம், இன்னொரு தடவை பண்ணு, அம்மா வீடியோ எடுக்கிறேன்.” அவ்வளவுதான், விளையாட்டு செத்துது. இன்னொருத்தர், “அது பாப்பா இல்லடி, சோளம், சட்னிக்கு அரைக்கப் போறேன்”கிறார். சோளத்துல சட்னி அரைக்கிறவர் யாருன்னு கேட்காதீங்க, எங்க வீட்லதான்! குடத்தை உதைக்கக் காலே வேணும்னு இல்ல. இறங்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?

முன்வரிசையில யாரு, தண்ணி பாட்டிலை மைக்காப் பிடிச்சு என்னை மாதிரியே கையாட்டுறது? விடுங்கம்மா, இழுக்காதீங்க. என்னைவிட நல்லாப் பேசுறான்.

கங்கைகொண்ட சோழபுரம் நம்ம அரியலூர் மாவட்டம்தானே, எத்தனை பேர் வடக்கு வாசல் படிக்கட்டுப் பக்கம் நின்னு பார்த்திருக்கீங்க? பதினோராம் நூற்றாண்டு, ராஜேந்திர சோழன் காலம். உலகப் பாரம்பரியச் சின்னம்னு 2004-ல யுனெஸ்கோ சேர்த்தாச்சு. அங்க இருக்கிற சிற்பத்துல அம்பாளோட உட்கார்ந்து, பரமன் தன் கையாலயே சண்டேசர் தலையில மாலையைச் சுத்துறார். ராஜேந்திரனுக்கே முடி சூட்டுறதாக்கூடச் சில அறிஞர்கள் சொல்லுவாங்க. இருக்கட்டும். கங்கை வரைக்கும் படை அனுப்பி ஜெயிச்ச ராஜா, தன் கோயில் வாசல்ல யாரை வெச்சான்? மணல்ல விளையாடின மாட்டுக்காரப் பிள்ளையை!

நாம அந்தச் சண்டேசர்கிட்டப் போய்க் கையைத் தட்டிட்டு வர்றோம். சொத்துக் கணக்கு காட்டுறாங்களாம். வேட்டி நூலைப் பிச்சுப் போடுறவங்களும் உண்டு. அவர் தியானத்துல இருக்கார்யா! முதுகுல அப்பன் அடிச்சப்பவே அவருக்குத் தெரியல, உங்க தட்டலா கேட்கப் போவுது? குடம் கவிழ்ந்தப்பதான் திரும்பிப் பார்த்தார். கிடந்த கோலை எடுத்தார், மழுவாச்சு, உதைச்ச கால் போச்சு. சிவாபராதம்.

பின்னாடி ஒரு அப்பா முகம் வாடிப் போச்சு. பயப்படாதீங்க. எச்சதத்தனுக்கும் சிவலோகம் கிடைச்சுது. வெட்டினதே பிள்ளை கையாச்சே, அதனால குற்றம் தீர்ந்துது. நாளைக்குச் சாயங்காலம் இளையான்குடி மாறர். சுண்டல் வருது, குழந்தைங்களுக்கு முதல்ல கொடுங்க.