ஆணை ஒருவருடையது, வினை யாருடையது?

1942 பிப்ரவரி 17. சிங்கப்பூர் சரணடைந்து இரண்டே நாள். ஃபாரர் பார்க் திடலில் ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்கள் கூட்டப்பட்டார்கள். மலாயா முழுவதும் பின்வாங்கி வந்து களைத்துப்போனவர்கள். பிரிட்டிஷ் தரப்பில் பேசிய கர்னல் ஹண்ட், எங்களுக்குக் கீழ்ப்படிந்ததுபோல் இனி ஜப்பானியருக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற பொருளில் சொல்லி அவர்களை ஒப்படைத்தார். ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா அவர்களை ஏற்று, அங்கேயே, ஜப்பானியரோடு சேர்ந்து இந்திய தேசிய ராணுவத்தை உருவாக்கிக்கொண்டிருந்த கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார்.

ஒரு சிப்பாய் தன் வாழ்நாளில் எத்தனையோ ஆணைகளைப் பெறுகிறான். பெரும்பாலானவை மறந்துபோகும். கீழ்ப்படிதலையே கைமாற்றிக் கொடுத்த இந்த ஆணையை மறப்பது எளிதல்ல. இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள்மீது நடந்த செங்கோட்டை வழக்கில், 1945 இறுதியில், அந்தத் திடலும் அந்தப் பேச்சும் மீண்டும் விவாதத்துக்கு வந்தன. அந்த வழக்கில் கேட்கப்பட்டது சட்டக் கேள்வி: இவர்கள் யாருக்கு விசுவாசமாக இருக்கக் கடமைப்பட்டவர்கள்? அதற்கு அடியில் சமயக் கேள்வி ஒன்றும் கிடக்கிறது. மேலிடம் சொன்னது, செய்தேன் என்பவனின் வினை யார் கணக்கில் ஏறும்?

ஒரே ஆணையைக் கேட்ட அந்தக் கூட்டம் ஒரே வழியில் போகவில்லை. பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். பலர் மறுத்தார்கள், அவர்களில் ஆயிரக்கணக்கானோர் நியூகினி போன்ற தீவுகளுக்கு வேலைப் படைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள், பலர் திரும்பவேயில்லை. மோகன் சிங்கும் நெடுநாள் தலையாட்டவில்லை. தம் படையை ஜப்பானியர் பகடைக்காயாக்குகிறார்கள் என்று கண்டதும், 1942 டிசம்பரில் அதைக் கலைக்கச் சொல்லிவிட்டுச் சிறைக்குப் போனார்.

உண்ட சோற்றுக்கு உயிரையும் கொடுக்கும் விசுவாசத்துக்குத் தமிழர்கள் செஞ்சோற்றுக்கடன் என்ற அளவுகோலை வைத்திருக்கிறார்கள். கம்பனின் கும்பகருணன் அதற்காகவே உயிரைக் கொடுத்தவன். ஆனால் போர்க்களம் போவதற்குமுன் அவன் செய்ததைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சீதையைக் கவர்ந்தது தவறு, அவளை விட்டுவிடு என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னான். அதன்பிறகுதான் போனான். வீடணன் அதே உண்மையைச் சொல்லிவிட்டு அண்ணனை விட்டு விலகினான். ஒருவன் இருந்தான், ஒருவன் பிரிந்தான். இருவருமே தங்கள் முடிவைத் தாங்களே எடுத்தார்கள். ‘அண்ணன் சொன்னான்’ என்ற சொல்லுக்குப் பின்னால் யாரும் ஒளியவில்லை.

சைவ சித்தாந்தமும் இந்த இடத்தில்தான் கைவைக்கிறது. மனம், வாக்கு, காயம் மூன்றாலும் வினை ஈட்டப்படுகிறது என்பது அதன் அடிப்படைப் பாடம். துப்பாக்கியைத் தூக்கியது காயம். ‘சரி ஐயா’ என்றது வாக்கு. அதற்கு முன்னே மனம் ஒன்று இசைந்திருக்கிறது. ஆணை வெளியிலிருந்து வரலாம். இசைவு வெளியிலிருந்து வர முடியாது. ஆணை பெறுவதும் ஒரு செயலே என்று இதிலிருந்து கொள்ள வேண்டியிருக்கிறது.

கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர்களுக்கு இது ஏட்டுப் பாடம் இல்லை. துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத ஆணையாக இருந்தது. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், கூலி உயர்வோடு அந்த வழக்கத்தை ஒழிப்பதும் இடம்பெற்றது. தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார். மே மாதம் சிலாங்கூரில் அவசரநிலை வந்தது, ராணுவம் வந்தது, தொழிலாளர் ஐவர் மாண்டார்கள். சைக்கிளைவிட்டு இறங்க மறுத்தவனும், துப்பாக்கியோடு அவன் எதிரே நின்றவனும் ஆணையின் இரு முனைகளில் நின்றார்கள்.

பெரியபுராணத்தில் ஒரு படைத்தலைவரின் கதை உண்டு. வாதாபியை அழித்து வந்த பரஞ்சோதியார். அவர் பெற்ற வெற்றியை மெச்சிக்கொண்டிருந்த மன்னனிடம், அவர் சிவனடியார் என்று அமைச்சர்கள் சொல்கிறார்கள். மன்னன் மகிழவில்லை, அஞ்சுகிறான். ஓர் அடியாரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டேனே என்று வருந்தி, பொருள் கொடுத்து, பணியிலிருந்து விடுவித்து, திருச்செங்காட்டங்குடிக்கு அனுப்பிவைக்கிறான். ஆணையிட்டவன் ஆணையின் பொறுப்பைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ளும் அரிய காட்சி இது.

அந்தப் பரஞ்சோதியார்தான் சிறுத்தொண்டர். அவர் வாழ்வில் அடுத்த ஆணை, பைரவக் கோலத்தில் வந்த சிவனிடமிருந்து வந்தது: மகனைக் கறி சமைத்துப் படைக்க வேண்டும். கேட்பவர் நெஞ்சு நடுங்கும் கதை. தாய் திருவெண்காட்டு நங்கையும் இசைந்தார் என்கிறது புராணம். இதைக் கண்மூடிய கீழ்ப்படிதலுக்குச் சான்றாகக் காட்டுபவர்கள் கதையின் முடிவை மறந்துவிடுகிறார்கள். அழைத்ததும் மகன் சீராளன் ஓடிவந்தான். கேட்டவனே திருப்பித் தந்தான். எடுத்த உயிரைத் திருப்பித் தர எந்த மனிதத் தளபதிக்கும் வலிமையில்லை. அந்த வலிமை இல்லாதவனுக்கு, இறைவனுக்குரிய கீழ்ப்படிதலைக் கேட்கும் உரிமையும் இல்லை.

கோலாலம்பூருக்கு வடக்கே, சிலாங்கூரின் பத்தாங் காலியில் அந்த உரிமையை எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். 1948 டிசம்பர் 11, 12 நாள்களில், மலாயா அவசரகாலத்தின்போது, ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையின் ரோந்துக் குழு ஒன்று ரப்பர் தோட்டத்தில் ஆயுதமில்லாத 24 சீன ஆண்களைச் சுட்டுக் கொன்றது. தப்பியோட முயன்றார்கள் என்றது அரசு. 1970 வாக்கில் அக்குழுவின் முன்னாள் வீரர்கள் சிலர் உறுதிமொழி வாக்குமூலம் கொடுத்தார்கள்: சுடச் சொன்னார்கள், சுட்டோம். விரும்பாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டதாகவும் வாக்குமூலத்தில் வந்தது. போலீஸ் விசாரணை தொடங்கியது, பிரிட்டனில் ஆட்சி மாறியதும் நின்றது. 2015 நவம்பரில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றமும் குடும்பங்களின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

இருபது ஆண்டுகள் கழித்து அந்த வீரர்களை வாய்திறக்க வைத்தது எது? அவர்கள்மீது அப்போது வழக்கு இல்லை. ஆணையிட்டவரோடு வினை போய்விட்டிருந்தால் இந்த வாக்குமூலங்களுக்குத் தேவையே இருந்திருக்காது. விலகலாம் என்ற ஒரு சொல் காதில் விழுந்திருந்தால், அதன்பின் சுட்டவனின் மனம் தனக்கென்று ஒரு முடிவை எடுத்திருக்கிறது.

இதே மண்ணிலிருந்து மறுபக்கச் சான்றும் உண்டு. கோலாலம்பூரின் ஜானகி தேவர் 18 வயதில், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் மீண்டும் கட்டிய இந்திய தேசிய ராணுவத்தின் மகளிர் பிரிவான ஜான்சிராணி படையில் சேர்ந்தார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்தவர். தந்தையின் ஒப்புதல் எளிதில் கிடைக்கவில்லை. படைத் தலைவி கேப்டன் லட்சுமி வீடு தேடி வந்து பேச வேண்டியிருந்தது. ஈப்போவில் பிறந்த ராசம்மா பூபாலன், கிறிஸ்தவப் பெண், அதே படையில் பதின்ம வயதில் சேர்ந்தார். போர்முனைக்குப் போகத் துடித்த இந்தப் பெண்களுக்கு வந்த கடினமான ஆணை, பின்வாங்கு என்பது. 1945 ஏப்ரல் 24 அன்று ரங்கூனிலிருந்து புறப்பட்ட அவர்களோடு நேதாஜியும் வந்தார். அவர்களை விட்டுவிட்டுத் தாம் மட்டும் போக மறுத்து, குண்டுவீச்சுக்கு நடுவே பாங்காக் நோக்கிய வழியில் அவர்களோடு நடந்தார்.

சிங்கப்பூரில் இருந்த நாள்களில் நேதாஜி இரவில் ராமகிருஷ்ண மிஷனுக்குச் சென்று தியானத்தில் அமர்ந்ததைப் பற்றி அவருடன் இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் 1904இல் தொடங்கப்பட்ட விவேகானந்த ஆசிரமத்தைக் கடந்து போகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கலாம். ஆணையிடுபவனும் ஒருவர் முன் கணக்குச் சொல்ல வேண்டியவன்.

போருக்குப் பின் ராசம்மா ஆசிரியரானார். பெண் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கேட்டுத் தொழிற்சங்கம் நடத்தி அரசோடு மோதி வென்றார். படையில் கீழ்ப்படியக் கற்றவர் அநீதிக்குக் கீழ்ப்படிய மறுத்ததில் முரண் இல்லை. இரண்டிலும் வேலை செய்தது அவருடைய இசைவுதான்.

உலகமும் இந்த முடிவுக்குத்தான் வந்தது. நியூரம்பெர்க் தீர்ப்புகளுக்குப் பின், 1950இல் ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் வகுத்த நெறிகளில் ஒன்று இது: அறம்சார்ந்த தேர்வு ஒருவருக்கு உண்மையிலேயே இருந்திருந்தால், மேலதிகாரியின் ஆணை அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது. தேர்வே இல்லாதவனுக்கு அந்த நெறியும் கருணை காட்டுகிறது. சித்தாந்த வகுப்பு நடத்துகிறவர் இதை இன்னும் நுட்பமாக விளக்க முடியும்.

மலேசியாவில் 2025இல் தேசிய சேவைப் பயிற்சி மீண்டும் தொடங்கிவிட்டது. தமிழ்ப் பிள்ளைகளும் அணிவகுப்பில் நிற்கிறார்கள். ஒழுங்கு நல்லது, அதைக் கற்கட்டும். அவர்கள் முகாமுக்குப் போகுமுன் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் கோயில்களின் சமய வகுப்புகளில் சிறுத்தொண்டர் கதையைச் சொல்லும் ஆசிரியர்கள், பிள்ளைக்கறியோடு நிறுத்தாமல் அந்த மன்னன் வருந்திய பகுதியையும் விரிவாகச் சொல்ல வேண்டும். அதோடு பத்தாங் காலியையும் சேர்த்துச் சொல்லி, நீ அங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்க வேண்டும்.