நடராஜர் ஆடலும் நவீன பௌதிகவியலும்

ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் அணு ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு மீற்றர் உயரமான நடராஜர் திருவுருவம் ஒன்று உள்ளது. இந்திய அரசு வழங்கிய அச்சிலை 2004 ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்டது. அணுத்துகள்களின் ஓயாத அசைவை இறைவனின் ஆடலுக்கு ஒப்பிடும் பௌதிகவியலாளரும் உளர். இதைக் கேட்டதும் விஞ்ஞானமே எமது சமயத்தை ஒப்புக்கொண்டுவிட்டது என்று நாம் பெருமை கொள்கின்றோம். ஆனால் எமது நம்பிக்கைக்கு விஞ்ஞானத்தின் சான்றிதழ் தேவைதானா? நாளை அக்கொள்கை மாறினால் எமது வழிபாடும் மாறுமா?

இதற்கு விடை காண உதவுபவர் கலாநிதி ஆனந்த குமாரசுவாமி. 1877 இல் கொழும்பில் பிறந்த இத்தத்துவஞானி முதலில் ஒரு விஞ்ஞானி. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிப்பாளராக இருந்தார். கதிர்த்தொழிற்பாடு உடைய தோரியனைற்று என்னும் கனியம் 1904 இல் இனங்காணப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. எமது கண்டிப் பிரதேசக் கைவினைஞர்களின் கலைகளை ஆராய்ந்து 1908 இல் பெருநூல் வெளியிட்டவரும் அவரே. சிவ நடனம் பற்றிய அவரது நூல் 1918 இல் வெளிவந்தது.

அவர் விஞ்ஞானத்தை வெறுத்தவரல்லர். விஞ்ஞானம் ஆராய்வது இடைப்பட்ட காரணங்களையே, மூல காரணத்தை அன்று என்பதே அவர் கருத்து. சைவசித்தாந்தம் காட்டும் குடத்தின் உவமையால் இதனை விளங்கிக்கொள்ளலாம். மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். பௌதிகவியல் மண்ணையும் சக்கரத்தையும் நுணுகி ஆராய்கின்றது. அது தவறன்று. குயவனே இல்லை என்று சொல்லும்போதுதான் அது தன் எல்லையை மீறுகின்றது.

1945 இல் ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் அழித்ததும் அணு பற்றிய அறிவே. குண்டைச் செய்யும் வழியை அவ்வறிவு சொன்னது. அதை வீசலாமா என்பதற்கு அதனிடம் விடை இருக்கவில்லை.

அணுக்களின் அசைவில் ஆக்கமும் அழிவும் உண்டு. இறைவனின் ஐந்தொழிலிலோ அருளலும் உண்டு. அவ்வாடல் நிகழும் சிதம்பரம் எமது இதயமே எனக் குமாரசுவாமி விளக்கினார். அதை அளக்கும் கருவி எந்த ஆய்வுகூடத்திலும் இல்லை.

ஆகவே எமது பிள்ளைகள் பௌதிகவியலை நன்கு கற்கட்டும். கற்ற அறிவை எதற்குப் பயன்படுத்துவது என்பதை ஆலயத்தில் அறியட்டும். எல்லாம் வல்ல ஆடலரசன் அதற்கு அருள் புரிவானாக.