வழியில் உட்கார வைத்தவன்



சென்ற மே மாதம் நம் வாலிபர் பதினெட்டுப் பேரோடும் உபதேசியாரோடும் கொடைக்கானலில் கூடாரம் அடித்துத் தங்கினோம். இரண்டாம் நாள் கட்டுச்சோற்றோடு பெருமாள் மலை ஏறினோம். பாதி வழியில் ஒரு பையனுக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. "நீங்கள் போங்கள் சாமி, நான் இங்கேயே இருக்கிறேன்" என்றான். தண்ணீரும் இரண்டு வாழைப்பழமும் கொடுத்து, ஒரு பாறை நிழலில் அவனை உட்கார வைத்துவிட்டு மேலே போனோம். உத்தரவு கொடுத்தவன் நான்தான்.

அவனுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. ஆனால் அது சரியா? காட்டெருமை நடமாடும் மலை அது.

இதே கேள்வி எவரெஸ்டிலும் எழுந்தது. 2006-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் டேவிட் ஷார்ப் என்ற ஆங்கிலேயர் அங்கே குளிரில் விறைத்து மாண்டார். ஏறக்குறைய நாற்பது பேர் அவரைக் கடந்து போனதாகச் சொல்லப்பட்டது. சிலர் அவரைக் கவனிக்கவில்லை. சிலர் உதவ முயன்றார்கள். சிலர் இனிப் பயனில்லை என்று போய்விட்டார்கள். அவ்வளவு உயரத்தில் நடக்க முடியாதவரைச் சுமந்து இறக்குவது அநேகமாக ஆகாத காரியம் என்பதும் மெய்தான். ஆயினும் 1953-இல் டென்சிங்கோடு முதன்முதல் அங்கே ஏறிய ஹில்லரி இந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை, கடுமையாகக் கண்டித்தார்.

பதினொரு நாள் கழித்து அதே பாதையில், முந்தின மாலை இறந்தவராகக் கைவிடப்பட்ட லிங்கன் ஹால் உயிரோடு உட்கார்ந்திருக்கக் கண்டார் டான் மேசர். சிகரம் இரண்டு மணி நேரத் தொலைவுதான். அவரும் மூன்று துணைவர்களும் மேலே போகவில்லை. உணவும் பிராணவாயுவும் கொடுத்து, மீட்பவர்கள் வரும்வரை காத்திருந்தார்கள். ஹால் பிழைத்தார்.

'முடியாது' என்று சொல்ல நின்று பார்த்தவனுக்குத்தான் உரிமை உண்டு. நடந்துகொண்டே சொல்பவனுக்கு ஏது?

"அவனே போகச் சொன்னானே" என்பீர்கள். பதினேழு பேர் மேலே பார்த்துக்கொண்டு நிற்கையில் அவன் வேறென்ன சொல்வான்? எல்லாரும் திரும்ப வேண்டியதுமில்லை. ஒருவர் அவனோடு தங்கியிருந்தால் போதும். உபதேசியாருக்கு வழி தெரியும், நான் தங்கியிருக்கலாம். எனக்குச் சிகரம் பார்க்க ஆசை. உள்ளது அவ்வளவுதான்.

நாங்கள் இறங்கி வந்தபோது மணி நான்கு. நிழல் நகர்ந்த பக்கமெல்லாம் அவனும் நகர்ந்து உட்கார்ந்திருந்தான். "மேலே எப்படி இருந்தது சாமி?" என்று கேட்டான். "மேகம் மூடிவிட்டது" என்றேன். அது பொய். அதையும் போன வாரம் அவனிடம் சொல்லிவிட்டேன்.

வருகிற மே மாதமும் போகிறோம். பெயர் கொடுக்க விரும்புவோர் ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியாரைப் பாருங்கள்.