கிழக்கே ஓடும் நீர்

கல்கத்தா நகரத்தின் நிலம் மேற்கே சற்று உயர்ந்தும் கிழக்கே தாழ்ந்தும் கிடக்கிறது. இந்தச் சிறிய பூகோள விஷயத்துக்குள் சமய வாழ்வைப் பற்றிய பெரியதொரு கேள்வி அடங்கியிருப்பதாக எனக்கு நெடுநாளாகவே ஓர் எண்ணம். மேற்கே, ஹூக்ளி என்ற பெயர் தாங்கி, கங்கை ஓடுகிறாள். விடியற்காலையில் படித்துறையில் இறங்கி, மூழ்கி எழுந்து, செம்பில் தீர்த்தம் முகந்துகொண்டு வீடு திரும்பும் பக்தன், அந்த வீட்டில் அன்றைக்குக் கழுவியதும் கழித்ததுமான நீர் அனைத்தையும், நிலத்தின் சாய்வு காட்டிய வழியிலேயே கிழக்கு நோக்கி அனுப்பிவிடுகிறான். அனுப்பியபின் அதை நினைப்பதில்லை. தொழுவதற்கு ஒரு திசை, மறப்பதற்கு ஒரு திசை.

மறந்த திசையில் என்ன நடந்தது? அங்கே முற்காலத்தில் உவர்நீர் ஏரிகள் பரந்திருந்தன. வித்யாதரி என்னும் ஆற்றின் வழியே கடல் ஏறிவந்து அவற்றை நிறைத்தது. ஆறு வண்டல் படிந்து தூர்ந்துகொண்டே வந்து, இனி அது வடிகாலாகப் பயன்படாத இறந்த ஆறு என்று 1928-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. கடலின் வரவு நின்றபிறகு வறண்டு சதுப்பாகிப் போயிருக்கவேண்டிய அந்த நீர்நிலைகளுக்கு, நகரம் அருவருத்து ஒதுக்கிய சாக்கடையே பிராணனாக வந்து சேர்ந்தது. அதைக் கால்வாய்களிலிருந்து திருப்பி, ஆழமில்லாத குளங்களில் தேக்கி, மீன் வளர்க்கலாம் என்பதைக் கண்டுகொண்டவர்கள் அந்தப் பகுதியின் மீனவர்களும் குளக்காரர்களும்தாம். வங்காளிகள் 'பேரி' என்றழைக்கும் அக்குளங்களும், கழனிகளும், காய்கறித் தோட்டங்களும் சேர்ந்த 12,500 ஹெக்டேர் பரப்பு, 2002-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

அந்தக் குளங்களில் நடப்பதை நிதானமாகச் சொல்லவேண்டும். ஏனெனில் என் கேள்விக்கான விடை அந்த நிதானத்திலேயே இருக்கிறது. பனிக்காலத்தில் குளத்தை வடித்து, அடிமண் வெடிக்குமளவும் வெயிலில் காயவிட்டு, உழுது, சுண்ணாம்பு தூவுகிறார்கள். பிறகு மதகைத் திறந்து கழிவுநீரை உள்ளே விடுகிறார்கள், விட்டபின் காத்திருக்கிறார்கள். ஏறத்தாழ இடுப்பளவேயான அந்த நீரின் அடிவரைக்கும் வெயில் இறங்குகிறது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் மலினத்தைச் சிறுகச் சிறுகச் சிதைக்கின்றன. சிதைந்ததைத் தின்று பாசி தழைக்கிறது. பாசி வெயிலை வாங்கி நீருக்குள் உயிர்வளியை விடுகிறது. அவ்வுயிர்வளியைப் பெற்று நுண்ணுயிர்கள் இன்னும் ஊக்கமாகத் தம் வேலையைச் செய்கின்றன. நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை வெயிலிலேயே மடிகின்றன. சில வாரங்களில் கறுத்த நீர் பச்சையாகிறது. அதன்பின் ரோகு, கட்லா, மிர்கால் குஞ்சுகளை விட்டு, மேற்கொண்டு எவ்வளவு சாக்கடை நீர் சேர்க்கலாம் என்பதை நீரின் நிறத்தையும் வாசனையையும் பார்த்தே தீர்மானிக்கிறார்கள். கரையோரம் படரவிட்ட ஆகாயத்தாமரை, அலை மோதிக் கரை இடியாமல் காப்பதோடு, நீரிலுள்ள சில உலோகங்களையும் உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு பெருநகரத்தின் கழிவை இயந்திரத்தின் உதவி ஏறக்குறைய இன்றி வெயிலும் பாசியும் மீனும் சுத்திகரிக்கும் இந்த ஏற்பாட்டின் பெருமையை, 1980-களில் சாக்கடை போகும் வழியே தாமும் போய்ப் பார்த்து உலகறியச் செய்தவர் துருவஜோதி கோஷ் என்ற அரசாங்கப் பொறியாளர். தாம் கற்றது மீனவர்களிடமிருந்து என்பதை மறையாமல் சொன்ன அந்த மனிதரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

இனிக் கேள்விக்கு வருவோம். அசுத்தம் என்பது ஒரு பொருளின் இயல்பா, அல்லது அது கடந்துபோகும் ஒரு நிலையா? மதகினுள் நுழையும் நீரைத் தொட்டால் குளிக்கவேண்டும் என்போம். பச்சை நீரில் துள்ளும் மீனைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இவ்விரண்டுக்கும் நடுவே எந்தக் கணத்தில் தீட்டு நீங்கிற்று? கோடு கிழிக்க இடமே இல்லை. நம் தமிழிலும் இந்தக் கோடு தெளிவாக இல்லை என்பதைக் கவனித்திருக்கிறேன்: அரிசி களைந்து மாட்டுத் தொட்டியில் கொட்டும் நீரும் கழுநீர்தான், தெய்வத்துக்கு மாலையாகும் மலரும் செங்கழுநீர்தான்.

ஆயினும், தீட்டு என்பது வெறும் மனப்பிரமை என்று சொல்லிவிட எனக்குத் துணிவில்லை. ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் 1884-ஆம் ஆண்டில் வாந்திபேதிக் கிருமியை இதே கல்கத்தாவின் குளமொன்றில் கண்டார். ஒரே குளத்தில் குடித்தும் குளித்தும் துவைத்தும் வந்த எளிய ஜனங்கள் ஆயிரமாயிரமாக மாண்ட தேசம் இது. அழுக்கு உண்மை, அதற்கு அஞ்சிய ஆசாரத்தில் ஓரளவு அறிவும் உண்டு. ஆனால் அழுக்கை விலக்கினால் போதும் என்று எண்ணி, பிறகு அதை அள்ளும் மனிதனையும் சேர்த்து விலக்கி, அவன் நிழலுக்குக்கூட அஞ்சியதுதான் நாம் செய்த பாதகம்.

இவ்விடத்தில், அதே நகரத்தின் வடக்கே கங்கைக்கரையில் வாழ்ந்த ஒரு மகானை நினைக்காதிருக்க முடியவில்லை. 1855-ஆம் ஆண்டில் ராணி ராசமணி தட்சிணேசுவரத்தில் காளி கோயில் எழுப்பியபோது, அவர் கைவர்த்தர் குலத்தவர் என்ற காரணத்தால் அங்கே அன்னம் கொள்ளப் பிராமணர்கள் தயங்கினார்கள். தமையனாரோடு வந்திருந்த இளைஞர் கதாதரரும் கோயில் சோற்றைத் தொடாமல், கங்கைக்கரையில் தம் கையாலேயே சமைத்து உண்டார். பின்னாளில் ராமகிருஷ்ண பரமஹம்சராக உலகம் அறிந்த அவரேதான், தாழ்ந்த குலத்தவர் என்று ஊர் தள்ளிவைத்த ஒருவரின் வீட்டுக்குள் நள்ளிரவில் எவரும் அறியாமல் புகுந்து, கழிவிடத்தைச் சுத்தம் செய்து, தம் நீண்ட தலைமயிராலேயே துடைத்தார் என்று விவேகானந்தர் தம் குருவைப் பற்றிய சொற்பொழிவில் கூறினார். சமதரிசனம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல வியாக்கியானம் நான் அறியேன். "எல்லாம் பிரம்மம், ஆகையால் அழுக்கே இல்லை" என்று சொல்லி அவர் படுத்துறங்கவில்லை. அழுக்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அது தமக்குரிய வேலை என்று ஏற்றுக்கொண்டார். பேரியின் நீரும் அதைத்தானே செய்கிறது? வந்ததை வேண்டாமென்று தள்ளாமலும், வந்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிடாமலும், காலத்தைக் கூட்டிக்கொண்டு அதை வேறொன்றாக்குகிறது. தீர்த்தம் என்ற வடசொல் கடத்தலைக் குறிக்கும் தாதுவிலிருந்து பிறந்தது. ஆற்றைக் கடக்கும் துறைக்கு அது பெயர். அழுக்கினின்று உயிருக்குக் கடக்கும் துறை இது என்பதால், கிழக்கேயுள்ள குளங்களைத் தீர்த்தம் என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

ஆனால் அந்தப் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. உடலிலிருந்து கழிந்ததையும் அடுப்பங்கரையிலிருந்து வந்ததையும் பாசி உண்ணும்; தோல் பதனிடும் சாலைகளின் குரோமியத்தை அதனால் உண்டு செரிக்க முடியாது, அது சேற்றிலே தங்கிவிடுகிறது. மனிதன் உண்டு வாழ்வதால் விளைந்த மலினத்துக்கு இயற்கையிடம் பிராயச்சித்தம் இருக்கிறது. அவனுடைய பேராசையால் விளைந்ததற்கு அங்கே பிராயச்சித்தம் இல்லை. இந்த வேற்றுமையைத் தரும சாஸ்திரங்கள் இனிமேலாவது எழுதிவைக்கவேண்டும் என்று விரும்புகிறேன். அதைவிடப் பெரிய ஆபத்தோ மண்லாரிகளின் வடிவில் வருகிறது. ஏரிகளின் ஒரு பகுதியைத் தூர்த்து உப்பு ஏரி நகரத்தை எழுப்பியாயிற்று. மிச்சத்தைத் தூர்க்கக்கூடாதென்று உயர்நீதிமன்றம் 1992-இல் தடுத்தது. 2006-இல் தனிச் சட்டமும் வந்தது. அப்படியும் ஓரங்கள் கரைகின்றன.

பொழுது புலருமுன்பே பேரிகளில் வலை இழுத்துவிடுகிறார்கள். மீன், கூடைகளில் துள்ளத் துள்ள, சாக்கடை வந்த வழியிலேயே மேற்கு நோக்கி நகரத்துக்குத் திரும்புகிறது; சந்தையில் விலையாகி வீடுவீடாகப் போகிறது. தட்சிணேசுவரத்துக் காளிக்கு மீனும் நிவேதனமாக உண்டு. கங்கைக்கரையிலுள்ள அந்தச் சந்நிதியில் தட்டு இறங்கும்போது, கிழக்கே போன நீர் அன்னையிடம் வந்து சேர்ந்துவிட்டதோ என்று நினைத்து, நான் கைகூப்பி நிற்கிறேன்.