உட்கார ஓர் இடம்

ஆடி மாதம். ராணி மேரி கல்லூரி நிறுத்தத்தில் முதலாண்டுப் பெண்களைப் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்பவரிடம் பேருந்து எண்ணைக் கேட்டபிறகும் நடத்துநரிடம் இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்கள். செய்யாறு, திருக்கோவிலூர், அரூர் என்று ஊர் சொல்கிறார்கள். வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான் என்று சொல்லும்போது பலருடைய குரலில் பெருமையும் பயமும் சேர்ந்தே வருகின்றன.

முதலாண்டின் கஷ்டம் எது என்று கேட்டால் எல்லோரும் ஆங்கிலத்தைத்தான் சொல்வார்கள். உண்மைதான். தமிழ்வழியில் படித்து வந்தவள் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் தமிழில் வாங்கிக்கொள்வதற்குள் பாடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். முதல் செமஸ்டரிலேயே அரியர் விழும். அதைப் பற்றிப் பேசவும் எழுதவும் ஆட்கள் இருக்கிறார்கள். மதியத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

சென்னையில் பல கல்லூரிகள் ஷிஃப்ட் முறையில் நடக்கின்றன. காலை ஷிஃப்ட் மதியத்தோடு முடிந்துவிடும். வீடு உள்ளவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். அரசு விடுதியில் இடம் கிடைக்காதவளுக்கு மயிலாப்பூரிலோ தி. நகரிலோ ஒரு லேடீஸ் ஹாஸ்டல். அறையில் நான்கு கட்டில். அடுத்த கட்டிலில் இரவு வேலை முடித்து வந்த அக்கா தூங்கிக்கொண்டிருப்பார். அவரையும் குறை சொல்ல முடியாது. விளக்கைப் போட முடியாது, வாய்விட்டுப் படிக்க முடியாது, வீட்டுக்குப் போன் பேசுவதென்றால் மாடிப்படிக்குத்தான் போக வேண்டும். ஊரில் திண்ணை இருந்தது, கோயில் மண்டபம் இருந்தது, பள்ளி வராந்தா இருந்தது. இங்கே ஒரு கட்டிலின் அகலம்தான் அவளுக்கு.

வெளியே போனால்? கபாலீசுவரர் கோயில் நடையை மதியம் சாத்தினால் நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். மெரினா மணலில் அந்த நேரத்தில் கால் வைக்க முடியாது. லஸ்ஸில் நாகேசுவர ராவ் பூங்காவில் நல்ல நிழல் உண்டு. ஆனால் தனியாகப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாராவது உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். குளிரூட்டிய கடைகளில் காபி வாங்கினால்தான் நாற்காலி.

2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. 2022 செப்டம்பரிலிருந்து, அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஊரில் படிப்பை நிறுத்தியிருக்கக்கூடிய எத்தனையோ பிள்ளைகளை இந்த இரண்டும் இங்கே கொண்டுவந்திருக்கின்றன என்று நம்புகிறேன். வந்து சேர்ந்தவள் எங்கே உட்கார்ந்து படிப்பாள் என்பது அடுத்த கேள்வி.

ஐப்பசி. மழை விடாமல் பெய்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே கேள்வியோடு அலைந்த சகோதரி சுப்பலட்சுமியை நினைத்துக்கொண்டேன். 1886இல் மயிலாப்பூரில் பிறந்தவர். பிள்ளைப் பருவத்திலேயே கணவரை இழந்தவர். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் ஓர் இந்து விதவை பட்டதாரியானது அதுவே முதல்முறை. பட்டம் வாங்கியதும் அவர் தேடியது, தன்னைப் போன்ற பெண்கள் தங்கிப் படிக்க ஓர் இடம். அந்தத் தேடல் கடைசியில் கடற்கரையில் ஐஸ் ஹவுஸுக்கு வந்து சேர்ந்தது, இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கிறோமே, அதே கட்டடம். 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது.

அதற்கும் முன்பே, 1905இல், ஏழை மாணவர்கள் தங்கிப் படிக்க ராமகிருஷ்ணா மிஷன் மாணவர் இல்லம் தொடங்கியிருந்தது. அது இன்றும் மயிலாப்பூரில் இருக்கிறது. சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா பெயரில் ஆதிதிராவிட மாணவர்களுக்கான கல்லூரி விடுதி இருக்கிறது. ஏழைப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி இந்த ஊரில் யோசித்தவர்கள் கூரையைப் பற்றியும் சேர்த்தே யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனை இப்போது நம்மிடம் குறைந்துபோயிற்று என்பது என் கவலை.

மார்கழி. சபாக்களில் மதியக் கச்சேரிக்குப் பல இடங்களில் டிக்கெட் இல்லை. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஆனால் அரூரிலிருந்து படிக்க வந்த பெண் போகமாட்டாள். போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலக வாசலிலும் இதைத்தான் பார்த்தேன். 2010இல் திறந்த, ஒன்பது தளங்கள் கொண்ட நூலகம். 2011இல் அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தபோது வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத் தடை வாங்கி, மக்கள் காப்பாற்றிய இடம். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. வாசலில் ஒரு பெண் பையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அக்கா, உள்ள போகக் காசு கேப்பாங்களா?"

"கேக்கமாட்டாங்கம்மா. வா, நானும் உள்ளதான் போறேன்."

பையை எங்கே கொடுப்பது, லிஃப்ட் எங்கே, தண்ணீர் எங்கே என்று காட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். தமிழ் நூல்கள் இருக்கும் தளத்தில் பிறகு அவளை அடிக்கடி பார்த்தேன். சன்னல் ஓரத்து மேசை. உதடு அசைய, சத்தம் வராமல் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

நூலகம் கட்டுவது அரசின் வேலை, கட்டியாயிற்று. முதல்முறை கூட்டிக்கொண்டு போவது அரசாணையால் நடக்கிற காரியமில்லை. அதற்கு ஓர் அக்கா வேண்டும், ஓர் அண்ணன் வேண்டும்.

இரண்டாம் ஆண்டுக்குப் போகும் பிள்ளைகளே, அடுத்த ஜூலையில் உங்கள் துறைக்கு வரும் முதலாண்டு மாணவர் ஒருவரையாவது முதல் வாரத்திலேயே அழைத்துக்கொண்டு போங்கள். ராணி மேரி கல்லூரியிலிருந்து கலங்கரை விளக்கம் ஸ்டேஷன் பக்கம்தான். அங்கே பறக்கும் ரயில் ஏறினால் முண்டகக்கண்ணியம்மன் கோயில், திருமயிலை, மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, அதற்கடுத்தது கோட்டூர்புரம். நூலகத்துக்கு உள்ளே போகக் காசு கிடையாது என்பதை ரயிலிலேயே சொல்லிவிடுங்கள்.