கோட்டில் நோயைத் தேடுகிறவர்கள்

நஸ்ரீன் முகமதியின் கோடுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு சீக்கிரமே அவருடைய உடம்புக்குப் போய்விடுகிறது. சிறுவயதில் இறந்த அம்மா, தனியாக வாழ்ந்த வாழ்க்கை, கையைத் தளரச் செய்த நரம்பு நோய். இதெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் படத்துக்கு வருகிறோம். அதற்குள் படம் ஒரு மருத்துவக் குறிப்பாகிவிடுகிறது. ஒரு பெண்ணின் வேலைக்கு அவளுடைய வேதனையையே பொருளாகச் சொல்வது நியாயமா?

1937இல் கராச்சியில் பிறந்து மும்பையில் வளர்ந்தவர் நஸ்ரீன். லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் ஓவியப் பள்ளியில் படித்தார். 1972 முதல் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் ஓவிய ஆசிரியர். 1990இல், 53 வயதில் இறந்தார். பரோடாவில் அவரைச் சுற்றியிருந்த பலர் மனிதர்களையும் கதைகளையும் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அவரோ கட்டட வரைபடம் போடுகிறவர்களின் கருவிகளை வைத்துக்கொண்டு, மையாலும் பென்சிலாலும் காகிதத்தில் கோடு போட்டார். பென்சில் கோட்டை அழிக்கலாம். மைக்கோடு அப்படியல்ல; கை பிசகினால் அந்தக் காகிதமே போயிற்று.

நோய் முற்றிய ஆண்டுகளிலும் அந்தக் கோடுகள் துல்லியமாகவே இருந்தன. உடனே நமக்கு ஒரு கதை கிடைத்துவிடுகிறது: நடுங்கும் உடலைக் கோடு வென்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மோந்த்ரியானின் கட்டங்களுக்கு முன்னால் நிற்கும்போது நாம் தத்துவம் பேசுகிறோம். நஸ்ரீனின் கட்டங்களுக்கு முன்னால் துக்கம் விசாரிக்கிறோம்.

நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். ஒரு மாணவன் கவிதை எழுதிக்கொண்டு வந்தால், யாரையெல்லாம் படிக்கிறாய் என்று கேட்பார்கள். மாணவி எழுதிக்கொண்டு வந்தால், வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்பார்கள். கேட்பவர்களின் அக்கறை உண்மையானதுதான். ஆனாலும் அந்தக் கேள்வியில் அவள் யோசித்தது காணாமல் போகிறது, பட்டது மட்டும் மிஞ்சுகிறது.

வான்கோவின் காதைப் பற்றிப் பேசாமலா இருக்கிறோம் என்று கேட்கலாம். பேசுகிறோம். அங்கே நோய் மேதைமைக்கு அடையாளமாகிறது. பெண்ணிடம் வரும்போது அதுவே அவளுடைய வேலைக்கு முழு விளக்கமாகிவிடுகிறது.

அதற்காக நோயை மறைக்கச் சொல்லவில்லை. உடம்பில்லாமல் யாரும் வரைவதில்லை. தளர்ந்த கையால் ஒரு கோட்டை நேராக இழுக்க எவ்வளவு நேரமும் பொறுமையும் வேண்டும் என்பது அந்த உழைப்பைப் பற்றிய செய்தி. அதைச் சொல்லத்தான் வேண்டும். எந்த நிலைமையில் வேலை செய்தாள் என்பது ஒன்று, அந்த வேலை எதைப் பற்றியது என்பது வேறொன்று. இரண்டையும் குழப்பாமல் இருப்பதுதான் நாம் அவளுக்குக் காட்டக்கூடிய மரியாதை.

நஸ்ரீன் தன் படங்களுக்குப் பெயர் வைக்கவில்லை. பெரும்பாலானவற்றில் தேதியும் போடவில்லை. எது நோய்க்கு முன்பு, எது பின்பு என்று வரிசைப்படுத்திக் கதை கட்டுகிறவர்கள் நாம்தான். அவர் எடுத்த புகைப்படங்கள் அவர் உயிரோடிருந்தவரை காட்சிக்கு வரவில்லை. நாட்குறிப்புகளும் அவர் இறந்த பிறகுதான் நம் கைக்கு வந்தன. அவற்றின் பக்கங்களில் தான் எழுதிய வரிகள் பலவற்றின் மேலேயே பட்டை பட்டையாக மை தீட்டி மூடியிருக்கிறார். மூடிய வரிகளில் என்ன இருந்திருக்கும் என்று துருவ நமக்கு ஆசை வரும். நான் அந்தக் கறுப்புப் பட்டைகளையே பார்க்கிறேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அங்கேயும் யோசித்திருக்கிறார்.